வளரும் குழந்தைக்கு ஏற்ற மிதிவண்டி: பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தைக்கு மிதிவண்டி வாங்கும்போது, ‘வளருகிற பிள்ளைதானே, சற்றுப் பெரியதாகவே வாங்கிவிடலாம்’ என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். பள்ளிச் சீருடையை நீளமாகத் தைத்து, மடிப்பை ஆண்டுதோறும் பிரித்துவிடும் வழக்கத்திலிருந்து வந்த எண்ணம் இது. சட்டை பெரிதாக இருந்தால் குழந்தைக்குத் தீங்கு ஒன்றும் நேராது. மிதிவண்டி பெரிதாக இருந்தால் கால் தரையை எட்டாது. விரல் பிரேக்கை எட்டாது. வண்டி சாயும்போது அதைத் தாங்கும் வலிமையும் குழந்தைக்கு இராது. எனவே மிதிவண்டியை, குழந்தை அடுத்த ஆண்டு எட்டப்போகும் உயரத்துக்கு அன்றி, இன்றுள்ள உடல் அளவுக்கே வாங்க வேண்டும். அவ்வாறு வாங்கினால் பணம் வீணாகிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. அதற்கான காரணம் கீழே கூறப்பட்டுள்ளது.

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்துள்ள அமிர்தி போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இச்செய்தி கூடுதலாகப் பொருந்தும். மலைக்குள் செல்லும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏறிய பிள்ளை அதே வழியில் இறங்கியாக வேண்டும். விடுமுறை நாள்களில், 1967இல் தொடங்கப்பட்ட அமிர்தி உயிரியல் பூங்காவையும் அருவியையும் காண வருவோரின் கார்களும் இருசக்கர வாகனங்களும் அப்பகுதிச் சாலையில் விரைகின்றன. சமவெளித் தெருவில் பொருந்தாத மிதிவண்டி பெரும்பாலும் முழங்கால் சிராய்ப்போடு முடியும். சரிவுச் சாலையில் அது பெரிய விபத்தாக மாறக்கூடும்.

பெரிய மிதிவண்டியால் என்ன நேரும்?

நம் ஊர்களில் ‘குரங்குப் பெடல்’ என்ற சொல்லை அறியாதவர் குறைவு. இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாத பிள்ளைகள், பெரியவர்களின் மிதிவண்டியில் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, ஒரு பக்கமாகத் தொங்கியபடி மிதித்தே ஓட்டப் பழகினர். வாடகை சைக்கிள் கடையில் சிறிய வண்டி கிடைக்காத காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. ‘நாங்கள் அப்படித்தானே கற்றோம்’ என்று பெரியவர்கள் கூறுவது இயல்பே. ஆனால் அன்றைய சாலையில் இன்றைய அளவுக்கு மோட்டார் வாகனங்கள் இல்லை. மேலும், உடலை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டும் பிள்ளையால் திடீரென வண்டியை நிறுத்த இயலாது.

மருத்துவ நோக்கில் மிகுந்த கவலை தருவது வேறொன்று. குழந்தை மெதுவாக ஓட்டி விழும்போது முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது. அப்போது ஹேண்டில்பாரின் முனை குழந்தையின் வயிற்றை நோக்கி நிற்கிறது. குழந்தை அதன்மேல் விழுகிறது. அடியின் விசை முழுவதும் அந்தச் சிறிய வட்ட முனையில் குவிந்து வயிற்றின் மேற்பகுதியில் இறங்குகிறது. குழந்தைகளின் வயிற்றுத் தசை மெல்லியது. ஆதலால் கல்லீரல், மண்ணீரல், கணையம், சிறுகுடல் ஆகியவை காயமடையலாம். வெளியே ஒரு நாணய அளவு கன்றிய தடம் மட்டுமே தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. வலியும் வாந்தியும் பல மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோ தொடங்கக்கூடும். பிள்ளைக்குக் கட்டுப்படுத்த முடியாத அளவு பெரிய வண்டியில் இத்தகைய விழுதல் எளிதில் நேர்கிறது.

ஹேண்டில்பார் முனையிலுள்ள ரப்பர் உறை கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரிந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. உறையின் விலை மிகக் குறைவு. கிழிந்த உறையை அன்றே மாற்றிவிடுங்கள்.

வயதைப் பார்க்காதீர்கள், காலை அளந்து பாருங்கள்

மிதிவண்டிகளில் ‘5 முதல் 8 வயது’, ‘7 முதல் 10 வயது’ என்று ஒட்டப்பட்டிருக்கும். அது சராசரிக் கணக்கு. ஒரே வகுப்பில் படிக்கும் ஒரே வயதுப் பிள்ளைகளிடையே உயரத்தில் 15 செ.மீ. வேறுபாடு இருப்பது இயல்பு. ஆகவே கடைக்குச் செல்லும் முன் வீட்டிலேயே குழந்தையின் கால் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

குழந்தையைக் காலணி இல்லாமல், சுவரில் முதுகு படும்படி நேராக நிற்கச் செய்யுங்கள். பாதங்களுக்கு இடையே சிறிது இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டையுள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, அதன் ஒரு விளிம்பு சுவரை ஒட்டியபடி இருக்க, கவட்டில் இலேசாக அழுந்தும் வரை மேலே உயர்த்துங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, தரையிலிருந்து அக்கோடு வரை அளவுநாடாவால் அளங்கள். தையற்காரரின் அளவுநாடாவே போதுமானது.

இந்த அளவு சுமார் 35 முதல் 42 செ.மீ. வரை இருந்தால் 12 அங்குலச் சக்கரம் பொருந்தும். 45 முதல் 53 செ.மீ. வரை 16 அங்குலம், 53 முதல் 62 செ.மீ. வரை 20 அங்குலம், 62 முதல் 70 செ.மீ. வரை 24 அங்குலம், அதற்கு மேல் 26 அங்குலம் என்று தோராயமாகக் கொள்ளலாம். ஒரே சக்கர அளவிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் சட்டத்தின் உயரம் மாறும். எனவே இந்த எண்கள் கடையில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைத்தான் காட்டும். முடிவு செய்யும் முன் குழந்தையை வண்டியில் ஏற்றிப் பார்த்தாக வேண்டும். ‘வியப்பில் ஆழ்த்தலாம்’ என்று பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கி வருவதைத் தவிர்ப்பது நல்லது.

கடையில் முதலில், குழந்தை இருக்கையில் அமராமல், குறுக்குக் கம்பியின் இருபுறமும் கால் வைத்து நிற்கட்டும். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிந்திருக்கும்போது கம்பிக்கும் கவட்டுக்கும் இடையே குறைந்தது 2 அல்லது 3 செ.மீ. இடைவெளி வேண்டும். அடுத்து இருக்கையில் அமரட்டும். இப்போதுதான் ஓட்டக் கற்கும் குழந்தைக்கு இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிய வேண்டும். நன்கு ஓட்டத் தெரிந்த குழந்தைக்கு இருக்கையைச் சற்று உயர்த்தி, இரு கால்களின் முன்பாதம் மட்டும் தரையைத் தொடும்படி வைக்கலாம். கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும்போது முழங்கை இலேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நீண்டிருக்கக் கூடாது. பிறகு ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பச் சொல்லுங்கள். வெளிப்பக்கக் கை எட்டாமல் குழந்தை இருக்கையிலிருந்து முன்னே நகர்ந்தால், அந்த வண்டி பெரியது. கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் இந்தச் சோதனை மிக முக்கியம்.

இனி, பணம் வீணாகுமா என்ற கேள்விக்கு வருவோம். ஐந்து வயதிலிருந்து பருவமடையும் காலம் வரை குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. உயரம் வளர்கின்றனர். அதில் கிட்டத்தட்டப் பாதியே கால் வளர்ச்சி. அதாவது ஆண்டுக்கு 2.5 முதல் 3 செ.மீ. ‘சீட் பில்லர்’ என்று கடையில் கூறப்படும் இருக்கைத் தண்டை 10 செ.மீ. உயர்த்த இடமுள்ள வண்டியாகத் தேர்ந்தெடுத்து, இன்று இருக்கையைத் தாழ்ந்த நிலையில் வைத்தால், ஓட்டத் தெரிந்த குழந்தைக்கு அது மூன்று ஆண்டுகள் வரை போதும். வளர்ச்சிக்கான இடத்தை வண்டியின் அளவில் தேடாமல் இருக்கைத் தண்டில் தேடுங்கள். தண்டில் ‘இதற்கு மேல் உயர்த்தக் கூடாது’ என்பதற்கான கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியும்படி உயர்த்தினால் தண்டு உடைந்துபோகலாம்.

பருவமடையும் ஆண்டுகளில் கணக்கு மாறுகிறது. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் 13, 14 வயதிலும் மிக விரைவாக வளர்கின்றனர். ஓராண்டில் 8 முதல் 10 செ.மீ. வரை உயரலாம். இக்கட்டத்தில் உடலை முந்திக்கொண்டு கால்கள் வளர்கின்றன. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருக்கையின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

சுவரில் இட்ட கோட்டை அழித்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதனருகில் குழந்தையின் முழு உயரத்தையும் தேதியோடு குறித்து வந்தால், மிதிவண்டிக்காகத் தொடங்கிய அளவு வளர்ச்சிப் பதிவேடாகவும் பயன்படும். ஐந்து வயதுக்கு மேல், பருவமடைவதற்கு முன், ஓராண்டில் 4 செ.மீ.க்கும் குறைவாக வளரும் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முழங்கால் வலி வந்தால்

இருக்கை தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்குகிறது; முழங்காலின் முன்புறம் வலிக்கும். இருக்கை உயர்ந்திருந்தால் பெடலை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்காலின் பின்புறமும் இடுப்பும் வலிக்கும். பெடல் கீழே இருக்கும் நிலையில் முழங்கால் சிறிதளவு மட்டும் மடங்கியிருப்பதே சரியான உயரம். வேகமாக வளரும் பருவத்தில் முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள எலும்பு மேட்டில் வீக்கமும் தொட்டால் வலியும் ஏற்படலாம். இது வளர்ச்சியோடு தொடர்புடையது. பெரும்பாலும் தானாகவே குறையும். ஆயினும் வலியால் குழந்தை நொண்டி நடந்தாலோ, இரவில் வலியால் விழித்துக்கொண்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ மருத்துவரை அணுகுங்கள்.

சரிவுச் சாலைக்கு முதல் தேவை பிரேக்

கடைக்குச் செல்லும் பெற்றோர் நிறத்தையும் விலையையும் பார்க்கின்றனர். பிள்ளைகள் கியரையும் ஸ்டிக்கரையும் பார்க்கின்றனர். பிரேக்கைப் பார்ப்பவர் குறைவு. மலையடிவாரத்தில் வாழும் குழந்தைக்கு இரு சக்கரங்களுக்கும் தனித்தனியே பிரேக் உள்ள வண்டியை மட்டுமே வாங்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் உள்ள சிறு வண்டிகள் வீட்டு முற்றத்துக்கு உரியவை.

பிரேக் இருப்பது மட்டும் போதாது. குழந்தையின் விரல் அதை எட்ட வேண்டும். குழந்தை கைப்பிடியைப் பிடித்தபடியே விரல்களை நீட்டட்டும். நடுவிரலின் முதல் கணு பிரேக் பிடியின்மேல் வளைந்து பற்ற வேண்டும். விரல் நுனி மட்டும் படுமானால் அழுத்த வலிமை கிடைக்காது. பல வண்டிகளில் பிரேக் பிடியைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவர ஒரு சிறு திருகு உண்டு. கடைக்காரரிடம் அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். பிறகு குழந்தையை அமரவைத்து, முன்பிரேக்கை மட்டும் அழுத்தச் சொல்லி வண்டியைப் பின்னிருந்து தள்ளிப் பாருங்கள். அதேபோல் பின்பிரேக்கையும் சோதியுங்கள். சக்கரம் உருண்டால், அந்தப் பிரேக் அந்தக் குழந்தையின் கைவலிமைக்கு ஏற்றதன்று. அதே வண்டியைக் கடைக்காரர் ஒரே விரலால் நிறுத்திக் காட்டுவது இதற்குச் சான்றாகாது.

இறக்கத்தில் எவ்வாறு பிரேக் பிடிப்பது என்பதைப் பெற்றோரே கற்பிக்க வேண்டும். வண்டியை நிறுத்தும் வலிமை முன்பிரேக்கிலேயே அதிகம். ஆனால் இறக்கத்தில் அதை மட்டும் திடீரென அழுத்தினால் பின்சக்கரம் மேலெழுந்து குழந்தை தலைகுப்புற விழும். பின்பிரேக்கை மட்டும் அழுத்தினால் மணலிலும் சரளையிலும் சக்கரம் வழுக்கும். இரண்டையும் ஒருசேர, சிறிது சிறிதாக அழுத்த வேண்டும். உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். முதலில் வீட்டருகே உள்ள சிறு மேட்டில், கீழே நீங்கள் நின்றுகொண்டு பலமுறை பழக்குங்கள். நீண்ட இறக்கங்களில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதே சரி. அதை வெட்கப்படத்தக்க செயலாகக் கருதாதபடி பிள்ளைகளிடம் முன்பே பேசி வையுங்கள்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. விலை குறைந்த வண்டிகளில் சக்கர வளையம், அதாவது ரிம், முலாம் பூசிய இரும்பால் ஆனது. அது நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். சக்கரம் சில சுற்றுகள் சுற்றி நீர் வழிந்த பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்கும். அலுமினிய ரிம் இவ்வகையில் மேலானது. விலையில் சிறிது கூடினாலும், கியருக்கும் அலங்காரத்துக்கும் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடலாம். பிரேக் கட்டையிலுள்ள பள்ளங்கள் தேய்ந்து மழமழப்பானால் உடனே மாற்றுங்கள். பிரேக் கேபிளின் இழை ஒன்று பிரிந்திருந்தாலும் கேபிளையே மாற்றிவிட வேண்டும்.

எடையும் கியரும்

ஏழு வயதுக் குழந்தையின் எடை சுமார் 22 கிலோ. அக்குழந்தைக்கு 14 கிலோ எடையுள்ள மிதிவண்டியைக் கொடுப்பது, 65 கிலோ எடையுள்ள பெரியவர் 40 கிலோ வண்டியை ஓட்டுவதற்கு ஒப்பாகும். இரு சக்கரங்களிலும் அதிர்வு தாங்கும் சுருள்வில், தடித்த டயர், பல கியர்கள் ஆகியவை விளம்பரத்துக்கு அழகு; குழந்தைக்குப் பாரம். ஒரே அளவுள்ள இரு வண்டிகளில் எடை குறைந்ததையே தேர்ந்தெடுங்கள். கடையில் ஒவ்வொன்றையும் நீங்கள் ஒருமுறை தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட, நாள்தோறும் மேடேறிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு மட்டும் கியர் பயன்தரும்.

பழைய வண்டியும் பள்ளியில் பெறும் வண்டியும்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கப்பட்ட இத்திட்டம் பின்னர் மற்றப் பிரிவினருக்கும் விரிவாக்கப்பட்டது. எனவே இப்பள்ளிகளில் பயிலும் குழந்தைக்கு 15 அல்லது 16 வயதில் பெரிய வண்டி ஒன்று கிடைத்துவிடும். அதற்கு முன் நீங்கள் வாங்க வேண்டியவை பெரும்பாலும் இரண்டே: ஆறேழு வயதில் ஒரு 20 அங்குல வண்டி, பத்துப் பதினொரு வயதில் ஒரு 24 அங்குல வண்டி. முதல் வண்டியை உறவிலோ தெருவிலோ உள்ள இளைய பிள்ளைக்குக் கொடுத்து, மூத்த பிள்ளை ஒருவரின் வண்டியை நீங்கள் பெறலாம். பொருத்தமான பழைய வண்டி, பொருந்தாத புதிய வண்டியைவிட நல்லது.

பள்ளியில் பெறும் வண்டி பெரியவர் அளவிலானது. அக்காவின் வண்டியை ஆறாம் வகுப்புத் தம்பியிடம் கடைக்குப் போய்வரக் கொடுத்தனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உயரம் குறைந்த மாணவி அந்த வண்டியைப் பெற்றால், முதல் நாளே சைக்கிள் கடையில் இருக்கையை இறக்கி, ஹேண்டில்பாரின் உயரத்தைச் சரிசெய்து, பிரேக்கை இறுக்கிய பிறகு ஓட்டச் செய்யுங்கள்.

பழைய வண்டியை வாங்கும்போது வண்டிச் சட்டத்தின் இணைப்புகளில் விரிசலோ துருவோ உள்ளதா என்று பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் ஆடாமல் சுழல வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில்பாரின் கழுத்தில் தளர்வு தெரியக் கூடாது.

பின்னால் அமரும் சிறு குழந்தை

மூத்த பிள்ளைக்கு வண்டி வந்ததும், இளைய பிள்ளை கேரியரில் ஏறிக்கொள்ளும். பெரியவர்கள் ஓட்டும் வண்டியிலும் இதுவே நடக்கிறது. தொங்கும் கால் பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் சிக்குவது, சிறு குழந்தைகளின் குதிகாலையும் கணுக்காலையும் பாதிக்கும் கொடிய காயங்களுள் ஒன்று. கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் இடையே கால் நசுங்குகிறது, தோல் கிழிகிறது, சில சமயம் எலும்பும் முறிகிறது. முதல் நாள் சாதாரணச் சிராய்ப்பாகத் தோன்றும் இடத்தில், நசுங்கிய தோல் சில நாள்களில் கறுத்து அழுகிப்போவதுண்டு. ஆகவே ஆரக்கம்பியில் சிக்கிய காலை, புண் சிறிதாகத் தெரிந்தாலும், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏற்றிச் செல்லக் கூடாது. பெரியவர் ஏற்றிச் செல்வதாயின், கால் வைக்கத் தனி மிதிப்பிடமும் சக்கரத்தை மறைக்கும் வலைத்தடுப்பும் பொருத்துங்கள். குழந்தைக்குக் குதிகாலை மூடும் காலணி அணிவியுங்கள். அதே தடுப்பு, துப்பட்டாவும் சேலை முந்தானையும் சக்கரத்தில் சிக்குவதையும் தடுக்கும். துப்பட்டாவை இருபுறமும் தொங்கவிடாமல் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொண்டே மாணவியர் ஓட்ட வேண்டும். கழுத்தைச் சுற்றிய துணி சக்கரத்தில் சிக்கினால் கணப்பொழுதில் கழுத்தை இறுக்கிவிடும். செயினை மூடும் செயின் கவர் இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

தலைக்கவசம்

மிதிவண்டியில் செல்லும் குழந்தைக்கு உயிராபத்தை ஏற்படுத்தும் காயங்களில் முதன்மையானது தலைக்காயம். மோட்டார் வாகனத்துக்கான தலைக்கவசம் குழந்தையின் கழுத்துக்கு மிகுந்த பாரம், காற்றும் புகாது. மிதிவண்டிக்கென உள்ள இலகுவான கவசமே வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே தலையின் சுற்றளவை அளந்து வாங்குங்கள். ஐந்து முதல் பத்து வயது வரை அது பெரும்பாலும் 50 முதல் 54 செ.மீ.க்குள் இருக்கும். இதையும் பெரிதாக வாங்கி வைக்கக் கூடாது. கவசத்தின் முன்விளிம்பு புருவத்துக்கு இரு விரல் அகலம் மேலே இருக்க வேண்டும். பட்டைகள் காதின் இருபுறமும் இறங்கிக் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். உச்சிக்கொண்டையும் மடித்துக் கட்டிய இரட்டைச் சடையும் கவசத்தைத் தூக்கிவிடும். ஓட்டும் நேரத்திலாவது சடையைத் தாழ்வாகப் பின்னித் தொங்கவிடுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மறுமுறை காக்காது.

ஓட்டக் கற்பித்தல்

பக்கச் சக்கரம் பொருத்திய வண்டியில் குழந்தை மிதிக்கக் கற்கும், சமநிலையைக் கற்காது. மேடுபள்ளமான மண் தரையில் பக்கச் சக்கரமே வண்டியைக் கவிழ்ப்பதும் உண்டு. அதைவிட எளிய வழி, இரு பெடல்களையும் கழற்றிவிட்டு, இருக்கையைத் தாழ்த்தி, காலால் தரையை உந்தி உருண்டு செல்ல விடுவது. (இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும்; வலப்பெடலைப் போலக் கழற்ற முயன்றால் இறுகிவிடும்.) கால்களைத் தூக்கியபடி சில மீட்டர் தூரம் உருளப் பழகிய பின் பெடலைப் பொருத்துங்கள். ஓட்டத் தெரிந்துவிட்டது என்பதாலேயே சாலைக்கு அனுப்பிவிடக் கூடாது. எதிரே வரும் வாகனத்தின் வேகத்தையும் தொலைவையும் கணிக்கும் திறன் பத்து வயது வரை முழுமையாக அமைவதில்லை. அதுவரை பெரியவர் துணை வேண்டும். மலையடிவாரத்தில் பொழுது விரைவில் சாயும். இருட்டும் முன் வீடு திரும்புவதும், பின்புறம் ஒளி எதிரொளிப்பான் இருப்பதும் கட்டாயம்.

நாள்பட்ட நோயுள்ள குழந்தைகள்

நோயைக் காரணம் காட்டி மிதிவண்டியையே மறுத்துவிட வேண்டியதில்லை. ஐந்து முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மிதிவண்டி அதற்கு நல்ல வழி. ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் குழந்தை இன்ஹேலரை உடன் வைத்துக்கொண்டு ஓட்டலாம். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் சட்டைப்பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை எப்போதும் இருக்க வேண்டும். வலிப்பு நோயுள்ள குழந்தை சாலையில் ஓட்டுவது பற்றி மருத்துவரே முடிவு கூற வேண்டும். அவர் இசைவு தரும்வரை சாலைக்கு அனுப்பாதீர்கள். இரத்தம் உறையாக் குறைபாடு, இதயநோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். மூளை முடக்குவாதம் போன்றவற்றால் சமநிலை குறைந்த பிள்ளைகளுக்கு மூன்று சக்கர வண்டி ஏற்றதா என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அடிக்கடி காரணமின்றி மோதும், விழும் குழந்தையின் கண்பார்வையைச் சோதியுங்கள்.

விழுந்து அடிபட்டால்

சிராய்ப்பை ஓடும் தூய நீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். காப்பித்தூள், சாம்பல், மஞ்சள்தூள் எதையும் இடாதீர்கள். தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி ஐந்து வயது, 10 வயது, 16 வயதுகளில் இட வேண்டிய தடுப்பூசிகள் இடப்பட்டுள்ளனவா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவியுங்கள்.

கையை ஊன்றி விழுந்த குழந்தையின் முழங்கை வீங்கியிருந்தால் எலும்பு முறிவு என்றே கருதி, கையை அசைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முழங்கைக்கு மேல் ஏற்படும் முறிவில் இரத்தக் குழாயும் நரம்பும் பாதிக்கப்படலாம். எக்ஸ்ரே எடுக்கும் முன் உருவுவதும், இறுக்கமாக நாட்டுக்கட்டுப் போடுவதும் கையை நிரந்தரமாக முடக்கிவிடக்கூடும். விரல்கள் வெளுத்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது கடும் வலி இருந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

தலையில் அடிபட்ட பின் சிறிது நேரமேனும் நினைவிழத்தல், மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிவரும் தலைவலி, அளவுகடந்த தூக்கம், வலிப்பு, காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே 108 எண்ணை அழையுங்கள். அமிர்திப் பகுதியினருக்கு, வேலூர் செல்லும் வழியில் அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பணம் திரட்டுவதற்காகப் புறப்படுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வயிற்றில் ஹேண்டில்பார் குத்தியதா என்று பிள்ளையிடம் தவறாமல் கேளுங்கள். திட்டு விழும் என்று அஞ்சிப் பிள்ளைகள் விழுந்ததையே மறைப்பதுண்டு. எனவே கோபத்தைக் காட்டாமல் கேளுங்கள். குத்தியிருந்தால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுவலி, வாந்தி, வெளிறிய முகம், உணவை மறுத்தல், தோள்வலி ஆகியவை அடுத்த சில நாள்களில் தோன்றினாலும், விழுந்த செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிடுங்கள். சாதாரண வயிற்றுவலி என்று எண்ணி மருந்து கொடுத்து அனுப்பிவிடும் வாய்ப்பு அதனால் குறையும்.

அடிபட்ட வண்டியை அப்படியே திரும்ப ஓட்டக் கொடுக்காதீர்கள். முன்சக்கரமும் ஹேண்டில்பாரும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா, பிரேக் இரண்டும் பிடிக்கின்றனவா என்று பார்த்து, சைக்கிள் கடையில் ஒருமுறை காட்டிய பின்னரே கொடுங்கள்.